டெக்சாஸ் துணை கவர்னர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

டெக்சாஸ் வாக்குச்சீட்டில் கவர்னர் போட்டிக்குக் கீழே ‘லெப்டினன்ட் கவர்னர்’ என்று ஒன்று வரும். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் இருக்கும் நம்மவர்களில் பலர் அதைச் சும்மா பெயருக்கு ஒரு பதவி என்று நினைத்து, கட்சியைப் பார்த்து ஒரு பட்டனை அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்த மாநிலத்தில் எந்தச் சட்டம் வரும், எது வராது என்பதில் கவர்னரைவிட இவர் கைதான் ஓங்கி இருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால்தான் இந்தப் பக்கம்.

துணை கவர்னர் என்றால் கவர்னரின் உதவியாளரா?

இல்லை. கவர்னர் அவரை நியமிப்பதும் இல்லை, நீக்கவும் முடியாது. இருவருக்கும் தனித்தனியாகத் தேர்தல், தனித்தனியாக வாக்கு. கவர்னர் இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ, நீக்கப்பட்டாலோ அந்த நாற்காலி இவருக்கு வரும், அந்த வகையில்தான் ‘துணை’. மற்ற நாட்களில் அவருடைய வேலை வேறு. டெக்சாஸ் சட்டமன்றத்தில் இரண்டு அவைகள்: 150 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவை, 31 பேர் கொண்ட செனட். அந்த செனட்டுக்குத் தலைவர் துணை கவர்னர். நிர்வாகப் பிரிவில் பெயர் இருக்கும், உட்கார்ந்து வேலை பார்ப்பது சட்டமன்றத்தில்.

புதுச்சேரியில் இருக்கிறாரே துணைநிலை ஆளுநர், அவர் மாதிரியா?

துளிகூடக் கிடையாது. புதுச்சேரியில் இருப்பவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், அவர் மத்திய அரசின் ஆள், அவருக்கு மேலே மாநில ஆளுநர் என்று யாரும் இல்லை. டெக்சாஸ்காரர் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர், வாஷிங்டனுக்கு அவர்மேல் எந்தப் பிடியும் இல்லை. நமக்குப் பழகிய அளவில் சொல்வதென்றால், சபாநாயகர் நாற்காலியும் ஆளுங்கட்சிக் கொறடாவின் அதிகாரமும் பட்ஜெட்டில் பாதிக் கையும் ஒரே ஆளிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அதிகாரத்தையும் அரசியல் சட்டம் கொடுத்திருக்கிறதா?

இங்கேதான் வேடிக்கை. டெக்சாஸில் இப்போதும் நடைமுறையில் இருப்பது 1876ஆம் ஆண்டு அரசியல் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்த ஒரு கவர்னர் ஆட்சியின்மேல் இருந்த கடுப்பில், யாருக்கும் அதிகாரம் சேர்ந்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியது. அதில் துணை கவர்னருக்குக் கிடைத்திருப்பது ரொம்பக் கொஞ்சம்: செனட்டுக்குத் தலைமை தாங்கலாம், ஓட்டு சரிசமமாகப் பிரிந்தால் தன் ஓட்டைப் போடலாம், அவை முழுவதும் ஒரே குழுவாகக் கூடும்போது விவாதித்து ஓட்டளிக்கலாம், கவர்னர் இல்லாதபோது அவர் வேலையைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

மிச்சம் எல்லாம் செனட் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் விதிகளிலிருந்து வருகிறது. எந்தக் குழுவில் யார் இருப்பது, குழுத் தலைவர் யார், வரும் மசோதா எந்தக் குழுவுக்குப் போவது, அவையில் யாரைப் பேச அழைப்பது, யாரை அழைக்காமல் விடுவது, விதிமீறல் என்று யாராவது எழுந்து சொன்னால் என்ன தீர்ப்பு, எல்லாமே துணை கவர்னர் முடிவு. இந்த விதிகளை ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் செனட் புதிதாக ஏற்றுக்கொள்கிறது. அதாவது ஒரு ஜனவரி மாதம் 16 செனட்டர்கள் ஒன்று சேர்ந்து ‘போதும், இனி குழுத் தலைவர்களை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம்’ என்று விதியை மாற்றினால், அன்று மாலையே அந்தப் பதவி சுத்தியலைத் தட்டும் வேலையாகச் சுருங்கிவிடும்.

ஏன் யாரும் அதைச் செய்வதில்லை? நல்ல குழு வேண்டும், தன் மசோதா நகர வேண்டும் என்கிற ஒவ்வொரு செனட்டரும் அவரைச் சார்ந்தே இருக்கிறார். முதலில் எழுந்து நிற்கும் ஆளுக்கு என்ன ஆகும் என்பது 31 பேருக்கும் தெரியும். என் கணக்கில் இந்தப் பதவியின் பலம் முழுக்க இந்தப் பயத்திலும், அதைவிட அதிகமாக, பழகிப்போன சௌகரியத்திலும்தான் நிற்கிறது.

சரி, ஒரு மசோதாவை அவர் எப்படி நிறுத்துவார்?

சத்தமே இல்லாமல். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் கூடும், ஒற்றைப்படை ஆண்டுகளில், ஜனவரி இரண்டாம் செவ்வாய் தொடங்கி அதிகபட்சம் 140 நாட்கள். காலம் குறைவு என்பதால் தாமதப்படுத்துவதே கொல்வதற்குச் சமம். பிடிக்காத மசோதாவை, அதைத் தொடவே விரும்பாத தலைவர் இருக்கும் குழுவுக்கு அனுப்பிவிட்டால் போதும், மே மாத முடிவில் அது தானாகவே செத்துப் போயிருக்கும்.

அதைத் தாண்டி வந்தாலும் இன்னொரு கதவு இருக்கிறது. விதிப்படி மசோதாக்களைப் பட்டியலில் வந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும். ஆனால் கூட்டத்தொடர் தொடங்கியதும் ஒரு உப்புச் சப்பில்லாத மசோதாவை, கவுன்டிப் பூங்காக்களை அழகுபடுத்துவது போன்ற ஏதோ ஒன்றை, பட்டியலின் முதல் இடத்தில் போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அதை யாரும் எடுக்கப்போவதில்லை, நிறைவேற்றவும் போவதில்லை. முன்னால் அது குறுக்கே நிற்பதால் பின்னால் இருக்கும் ஒவ்வொரு மசோதாவையும் எடுக்க ‘வரிசையை நிறுத்திவைக்கிறோம்’ என்று சிறப்புப் பெரும்பான்மையோடு ஓட்டுப் போட வேண்டும். பல பத்தாண்டுகளாக அது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது எல்லோரும் வந்திருந்தால் 21 பேர். சிறுபான்மைக் கட்சியிடம் 11 பேர் இருந்தாலே எதையும் மறிக்கலாம் என்பதால் இரு தரப்பும் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

2015இல் குடியரசுக் கட்சியின் டான் பேட்ரிக் துணை கவர்னரான உடனே அது ஐந்தில் மூன்று பங்காக, 19 பேராக, இறங்கியது. 2020 தேர்தலில் குடியரசுக் கட்சியின் இடங்கள் 19இலிருந்து 18 ஆகக் குறைந்தன. 2021 ஜனவரியில் விதி ஒன்பதில் ஐந்து பங்கானது. 31இல் அது எத்தனை என்று கணக்குப் போட்டால் 17.2 வரும், அதாவது குறைந்தது 18 பேர். இதற்கு விளக்கம் வேறு தேவையா?

பட்ஜெட்டில் அவருக்கு என்ன வேலை?

நிறைய. 1949இல் சட்டமன்ற பட்ஜெட் வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். 10 பேர் கொண்ட அதற்குத் துணை கவர்னரும் பிரதிநிதிகள் அவையின் சபாநாயகரும் கூட்டுத் தலைவர்கள். கவர்னருக்கு அதில் இடமே கிடையாது. கவர்னரும் ஒரு பட்ஜெட்டைக் கொடுப்பார், ஆனால் சட்டமன்றம் வேலைக்கு எடுத்துக்கொள்வது வாரியத்தின் வரைவை.

இதுபோக, பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து சட்டமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும்போது சட்டமன்றம் அதைச் செய்யத் தவறினால், அந்த வேலை ஐந்து பேர் கொண்ட தனி வாரியத்துக்குப் போகும். அந்த ஐவரில் இவரும் ஒருவர்.

சம்பளம்?

ஆண்டுக்கு 7,200 டாலர். பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை. செனட்டருக்கு என்னவோ அதுவேதான் இவருக்கும், மாதம் 600 டாலர், கூட்டத்தொடர் நாட்களுக்குப் படி தனி. கவர்னராகப் பொறுப்பு வகிக்கும் நாட்களில் கவர்னர் சம்பளம் கிடைக்கும். ஆக, இந்த வேலைக்கு வருகிறவர் ஏற்கெனவே வசதியானவராகவோ வேறு வருமானம் உள்ளவராகவோ இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

சம்பளம் போகட்டும், தங்குவதற்கு இடம் உண்டு. ஆஸ்டினில் இருக்கும் சட்டமன்றக் கட்டடத்திலேயே, செனட் மண்டபத்துக்குப் பின்னால், துணை கவர்னருக்கு ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1983 பிப்ரவரி 6ஆம் தேதி விடிகாலையில் அங்கேதான் தீப்பிடித்தது. அப்போது துணை கவர்னர் பில் ஹாபி. அவருடைய மகளின் விருந்தினராக அங்கே தங்கியிருந்த ஒருவர் இறந்துபோனார். 1888இல் கட்டி முடித்த கட்டடம் மொத்தமும் போயிருக்க வேண்டியது, தீயணைப்பு வீரர்கள் காப்பாற்றினார்கள். அந்தப் பயத்தில்தான் கட்டடத்தைப் பராமரிக்கத் தனி வாரியம் வந்தது, பெரிய சீரமைப்பு நடந்தது, இட நெருக்கடி தீர நிலத்துக்கு அடியில் ஒரு பெரிய விரிவாக்கமும் 1993இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆஸ்டின் போனால் பாருங்கள், வெளியிலிருந்து பார்த்தால் கீழே அவ்வளவு பெரிய கட்டடம் இருப்பதே தெரியாது.

இந்தப் பதவி எப்போது தொடங்கியது?

மெக்சிகோவின் கீழ் டெக்சாஸும் கோவாஹுவிலாவும் ஒரே மாநிலமாக இருந்தபோதே 1827ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் துணை கவர்னர் உண்டு. 1835 கடைசியில் மெக்சிகோவை எதிர்த்துக் கிளம்பியவர்கள் தற்காலிக அரசு அமைத்தபோது ஹென்றி ஸ்மித் கவர்னர், ஜேம்ஸ் ராபின்சன் துணை கவர்னர். இரண்டே மாதத்தில் கவர்னருக்கும் ஆலோசனைக் குழுவுக்கும் முட்டிக்கொண்டு, குழு கவர்னரை நீக்கிவிட்டு ராபின்சனை உட்கார வைத்தது. ஸ்மித்தோ நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாசலில் போர் நிற்கும்போது உள்ளே இப்படி ஒரு கூத்து. பிறகு தனிக் குடியரசாக இருந்த பத்தாண்டு காலத்தில் துணை கவர்னர் இல்லை, துணை ஜனாதிபதிதான்.

அமெரிக்காவோடு சேர்ந்த பிறகு, 1846இல் மாநிலத்தின் முதல் துணை கவர்னராக வந்தவர் ஆல்பர்ட் ஹார்ட்டன். முதலில் வேறொருவர் ஜெயித்ததாகத்தான் அறிவித்தார்கள், தாமதமாக வந்து சேர்ந்த வாக்குகளை எண்ணியதும் முடிவு மாறியது. அந்த வருடமே கவர்னர் ஹெண்டர்சன் மெக்சிகோ போருக்குப் படை நடத்திப் போய்விட, சில மாதங்கள் மாநிலத்தை ஹார்ட்டன்தான் பார்த்துக்கொண்டார்.

ஆனால் இன்று நாம் பார்க்கும் பலசாலிப் பதவி அவ்வளவு பழையது கிடையாது. 1940களின் பிற்பகுதியில் ஆலன் ஷிவர்ஸ் காலத்தில்தான் அது உருவாகத் தொடங்கியது. பட்ஜெட் வாரியம் வந்ததும் அப்போதே. அதற்குப் பிறகு பென் ராம்சி ஆறு முறை தொடர்ந்து ஜெயித்தார், பில் ஹாபி 1973 முதல் 1991 வரை 18 ஆண்டுகள் இருந்தார், பாப் புல்லக் 1991 முதல் 1999 வரை. கவர்னர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், இவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அதிகாரம் அங்கே போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. முன்பு இரண்டு ஆண்டாக இருந்த பதவிக்காலத்தை 1972இல் மக்கள் வாக்கெடுப்பில் நான்கு ஆண்டாக நீட்டியதும் இதற்கு உதவியது.

துணை கவர்னர் கவர்னரான சந்தர்ப்பங்கள் உண்டா?

உண்டு, சில ரொம்பவே சுவாரசியம். 1861இல் டெக்சாஸ் அமெரிக்காவிலிருந்து பிரிந்து தென் மாநிலக் கூட்டமைப்பில் சேர்ந்தபோது, அதற்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க கவர்னர் சாம் ஹூஸ்டன் மறுத்துவிட்டார். மேலே அவர் பெயரை மூன்று முறை கூப்பிட, அவர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தார் என்று கதை சொல்வார்கள். பதவி துணை கவர்னர் எட்வர்ட் கிளார்க்குக்குப் போனது.

1917இல் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசன் பதவிநீக்க விசாரணையில் சிக்க, வில்லியம் ஹாபி கவர்னரானார். மேலே சொன்ன பில் ஹாபியின் அப்பா. 1949 ஜூலையில் கவர்னர் போஃபோர்ட் ஜெஸ்டர் ரயிலில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துவிட, ஆலன் ஷிவர்ஸ் வந்தார். கடைசியாக 2000 டிசம்பரில் ஜார்ஜ் புஷ் ஜனாதிபதியாகப் போக ராஜினாமா செய்ததும், ரிக் பெர்ரி உள்ளே வந்து 14 ஆண்டுகள் அந்த நாற்காலியை விடவேயில்லை.

பெர்ரி விட்டுப்போன துணை கவர்னர் இடத்தை நிரப்ப செனட்டர்கள் தங்களுக்குள்ளேயே ரகசிய வாக்கெடுப்பு நடத்தி பில் ராட்லிஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மிச்சக் காலத்துக்கு அவர் செனட்டராகவும் இருந்துகொண்டு இதையும் பார்த்தார்.

கவர்னர் மாநிலத்தை விட்டு வெளியே போனால்கூட துணை கவர்னர்தான் பொறுப்பு கவர்னர். இருவருமே ஒரே நாளில் வெளியே போனால் செனட்டின் தற்காலிகத் தலைவருக்குப் போகும். இதை வைத்தே ‘ஒரு நாள் கவர்னர்’ என்று ஒரு வழக்கம் உருவாகிவிட்டது: வேண்டுமென்றே இருவரும் ஊரை விட்டுப் போய் இவரை ஒரு நாள் உட்கார வைப்பார்கள். 1972 ஜூன் 10ஆம் தேதி அப்படி உட்கார்ந்தவர் பார்பரா ஜோர்டன். கறுப்பினப் பெண்கள் அரசியலில் தலைகாட்டுவதே அரிதாக இருந்த காலம் அது.

கவர்னர் ஒரு கட்சி, துணை கவர்னர் இன்னொரு கட்சி என்று ஆனால்?

ஆகியிருக்கிறது. குடியரசுக் கட்சிக்காரரான பில் கிளமென்ட்ஸ் கவர்னராக இருந்த எட்டு ஆண்டும் ஜனநாயகக் கட்சியின் ஹாபிதான் செனட்டை நடத்தினார். அதைவிட அதிகம் பேசப்படுவது 1995 முதல் 1999 வரை புஷ், புல்லக் ஜோடி. புல்லக் முன்கோபி, அனுபவசாலி, மாநிலத்தின் கணக்குவழக்கு அவ்வளவும் விரல்நுனியில். புஷ் புதியவர். வாரம் ஒரு நாள் இவர்கள் இருவரும் சபாநாயகர் பீட் லேனியும் சேர்ந்து காலை உணவு சாப்பிட்டபடியே பேசி முடிப்பார்கள். 1998 கவர்னர் தேர்தலுக்குப் புல்லக் தன் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டுப் புஷ்ஷை வெளிப்படையாக ஆதரித்தார். கட்சிக்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

செனட்டர்கள் ஓடி ஒளிந்த கதை உண்மையா?

உண்மைதான், ஒரு முறை அல்ல. 1979 மே மாதம், பிரைமரி (கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் முடிவு செய்யும் முதல் சுற்று) தேர்தல் தேதி பற்றிய ஒரு மசோதாவை ஹாபி வழக்கமான விதியைச் சுற்றிக்கொண்டு கொண்டுவரப் பார்த்தார். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள் 12 பேர் காணாமல் போனார்கள். 21 பேர் இல்லாமல் அவை நடக்காது, மிஞ்சியது 19. பெரும்பாலோர் ஆஸ்டினிலேயே ஒரு கார் ஷெட்டோடு ஒட்டிய சின்ன வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஹாபி போலீஸை அனுப்பித் தேடச் சொன்னார். ஹூஸ்டனில் ஜீன் ஜோன்ஸ் என்ற செனட்டரைப் பிடிக்கப் போனவர்கள், வெளியே வந்து நின்றவரிடம் ‘நீங்கள் ஜோன்ஸா?’ என்று கேட்க அவரும் ஆமாம் என்று சொல்ல, ஆஸ்டினுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்தவர் செனட்டரின் அண்ணன் தம்பிகளில் ஒருவர். செனட்டர் அதற்குள் பின்பக்க வேலியைத் தாண்டி ஓடிவிட்டிருந்தார். சில நாட்களில் அவர்கள் திரும்பி வந்தார்கள், மசோதா செத்தது. ஹாபி கோபத்தில் அவர்களுக்கு வைத்த ‘கொலைகாரத் தேனீக்கள்’ என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

2003இல் 11 பேர் இன்னும் தூரமாக, நியூ மெக்சிகோவுக்கே போனார்கள், தொகுதி மறுவரையறையைத் தடுக்க. அப்போது துணை கவர்னர் டேவிட் டியூஹர்ஸ்ட். ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தும் கடைசியில் ஒருவர் திரும்பி வர, கதை முடிந்தது.

2013இல் ஒரு பெண் செனட்டர் விடிய விடிய நின்று பேசினாரே, அது இந்த அவையா?

ஆமாம். வெண்டி டேவிஸ், 2013 ஜூன் 25. கருக்கலைப்பு மருத்துவமனைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும் மசோதா, நள்ளிரவோடு சிறப்புக் கூட்டத்தொடர் முடிகிறது, அதுவரை பேசிக்கொண்டே இருந்தால் மசோதா போய்விடும். விடிய விடிய இல்லை, பகலில் தொடங்கி கிட்டத்தட்ட 11 மணி நேரம். உட்காரக்கூடாது, சாயக்கூடாது, சாப்பிடக்கூடாது, தலைப்பை விட்டு விலகக்கூடாது. முதுகுக்குப் பெல்ட் கட்டிக்கொள்ள சக செனட்டர் உதவியதையே ஒரு விதிமீறலாகக் கணக்கு வைத்தார்கள். மூன்றாவது மீறல் என்று டியூஹர்ஸ்ட் தீர்ப்பு சொல்லிப் பேச்சை நிறுத்தினார். பார்வையாளர் மாடத்தில் எழுந்த கூச்சலில் ஓட்டெடுப்பு நள்ளிரவைத் தாண்டிவிட, அதிகாலை மூன்று மணி வாக்கில் மசோதா நிறைவேறவில்லை என்று அவரே அறிவிக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் இன்னொரு கூட்டத்தொடரில் அதே சட்டம் நிறைவேறியது, அதன் முக்கியப் பகுதிகளை 2016இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்த தேர்தலில் டியூஹர்ஸ்ட் சொந்தக் கட்சி பிரைமரியிலேயே பேட்ரிக்கிடம் தோற்றார்.

பதவிநீக்க விசாரணைகளிலும் இவர்தான் நீதிபதியா?

2023இல் அப்படித்தான் நடந்தது. அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன்மேல் பிரதிநிதிகள் அவை 121க்கு 23 என்ற கணக்கில் குற்றச்சாட்டு நிறைவேற்றியது. செப்டம்பரில் செனட்டில் விசாரணை, தலைமை டான் பேட்ரிக். நீக்க 21 ஓட்டு வேண்டும், எந்தக் குற்றச்சாட்டுக்கும் 14க்கு மேல் கிடைக்கவில்லை. விசாரணைக்கு முன்பு, பாக்ஸ்டனை ஆதரித்த ஒரு அரசியல் குழுவிடமிருந்து பேட்ரிக் நன்கொடையும் கடனுமாக 30 லட்சம் டாலர் வாங்கியது பெரிய விமர்சனமானது. தீர்ப்பு வந்த கையோடு அவர் தலைமை நாற்காலியிலிருந்தே பிரதிநிதிகள் அவையைக் கடுமையாகச் சாடினார். நடுநிலையாக நடத்தினேன் என்கிறவர் அதை வேறொரு நாள், வேறொரு இடத்தில் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இவரைக் கட்டுப்படுத்த ஆளே இல்லையா?

இருக்கிறார்கள். முதல் ஆள் சபாநாயகர். 2017இல் திருநங்கை, திருநம்பிகள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவது என்ற மசோதாவைப் பேட்ரிக் செனட்டில் நிறைவேற்றிவிட்டார், சபாநாயகர் ஜோ ஸ்ட்ராஸ் தன் அவையில் அதை எடுக்கவே இல்லை. இருவரும் ஒரே கட்சி. இரண்டாவது கவர்னர்: மசோதாவைத் தள்ளுபடி செய்யலாம், சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டுவதும் அதில் எதைப் பேசலாம் என்று முடிவு செய்வதும் அவர் மட்டும்தான். மூன்றாவது அந்த 31 செனட்டர்கள், மனசு வைத்தால்.

மற்ற மாநிலங்களிலும் இப்படித்தானா?

பெரும்பாலும் இல்லை. பல மாநிலங்களில் கவர்னரும் துணை கவர்னரும் ஒரே ஜோடியாகப் போட்டியிடுவார்கள், துணை கவர்னருக்கு கவர்னர் கொடுக்கும் வேலைதான். நியூ ஜெர்சியில் 2010 வரை அப்படி ஒருவர் பதவியிலேயே இல்லை. ஓரிகன், வயோமிங், மெய்ன், நியூ ஹாம்ப்ஷயரில் பதவியே கிடையாது. டென்னசியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் செனட் தலைவருக்கே அந்தப் பட்டமும். நியூயார்க்கில் 2021இல் ஆண்ட்ரூ குவோமோ ராஜினாமா செய்ததும் கேத்தி ஹோக்குல் கவர்னரானதுபோல, அங்கெல்லாம் அந்தப் பெயர் வெளியே தெரிவதே மேலே இருப்பவர் விழும்போதுதான்.

யார் போட்டியிடலாம், தேர்தல் எப்போது?

குறைந்தது 30 வயது, அமெரிக்கக் குடியுரிமை, தேர்தலுக்கு முன் ஐந்து ஆண்டு டெக்சாஸில் வசித்திருக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். இதுவரை ஒரு பெண்கூட இந்தப் பதவிக்கு வந்ததில்லை. தேர்தல் 2022, 2026, 2030 என்று ஜனாதிபதித் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் நவம்பரில் வரும். ஆனால் 1990களின் கடைசியிலிருந்து குடியரசுக் கட்சி வேட்பாளர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறார் என்பதால், நிஜப் போட்டி பல நேரம் மார்ச் மாத பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது, யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் மே மாத மறுசுற்றில். டெக்சாஸில் வாக்காளர் பதிவின்போது கட்சி கேட்கமாட்டார்கள், எந்தக் கட்சி பிரைமரியிலும் போய் ஓட்டுப் போடலாம். ஒரே ஆண்டில் இரண்டிலும் போட முடியாது, அவ்வளவுதான்.